மேலிருந்து ராமநாதபுரம்: மழைக்காலத்தில் சின்ன விமானத்திலிருந்து படம் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி முடியும்போதே இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். சின்ன விமானம் என்று நான் சொல்வது செஸ்னா 172 மாதிரி நான்கு பேர் உட்காரும், ஒற்றை எஞ்சின், இறக்கை தலைக்கு மேலே இருக்கும் வகை. இறக்கை கீழே இருக்கும் விமானம்தான் கிடைக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாதி ஊர் இறக்கைக்கு அடியில் போய்விடும்.

வெளிநாட்டில் இலை சிவக்கும்போது மேலிருந்து எடுக்கிறார்கள். நம் ஊரில் ஐப்பசியில் எடுக்க என்ன இருக்கிறது?

இலையை நம்பி வந்தால் ஏமாற்றம்தான். கரையோரத்து வாதாமரம் ஒன்றுதான் உதிர்வதற்கு முன் நன்றாகச் சிவக்கும். அதுவும் தனித்தனி மரமாக நிற்பதால் 2,000 அடியிலிருந்து புள்ளியாகக்கூடத் தெரியாது. சீமைக்கருவேலம் வருடம் முழுக்க ஒரே பச்சை. பனை எப்போதும் பனை.

இங்கே பருவம் மாறுவது தண்ணீரில் தெரியும். ஆவணியில் மேலிருந்து பார்த்தால் மாவட்டமே வெளுத்த பழுப்பு. கண்மாய் எது, பொட்டல் எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஐப்பசியில் இரண்டு மூன்று நல்ல மழை விழட்டும், அப்புறம் பாருங்கள். கண்மாயின் ஆழம் கரையை ஒட்டி இருப்பதால் தண்ணீர் முதலில் அங்கேதான் சேரும். பிறை வடிவத்தில் ஒரு கோடு, நாளாக நாளாக உட்பக்கமாக அகலமாகும். வைகைத் தண்ணீர் புதிதாக வந்த கண்மாய் செம்மண் நிறத்தில் இருக்கும். பக்கத்திலேயே வெறும் மழைத் தண்ணீர் தேங்கித் தெளிந்த கண்மாய் சாம்பல் பச்சையாக இருக்கும். கரைக்கு வெளியே புழுதியில் விதைத்த நெல் முளைவிட்டு, எலுமிச்சைப் பச்சையில் ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல், விரியும்.

தரையில் நின்று பார்க்கவே முடியாத ஒன்று உண்டு: கண்மாய்ச் சங்கிலி. ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கில் வழிந்து அடுத்ததற்குப் போகும், அது வழிந்து அதற்கடுத்ததற்கு, கடைசியில் கடலுக்கு. நல்ல மழை ஆண்டில் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் இதை ஒரே படத்தில் பிடிக்கலாம். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று அந்தப் பெரிய கண்மாயைச் சொல்வார்கள். அதன் கரை எவ்வளவு நீளம் என்று மேலே போனால்தான் உறைக்கும்.

கடலிலும் இதே கதைதான். நம் ஆட்கள் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் வடக்கே பாக் கடலைப் பெண்கடல் என்றும் சொல்வது அலையை வைத்து. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் பெண்கடல் கலங்கிப் பால்டீ நிறத்தில் புரளும். ஆண்கடல் கரையோரம் அடங்கி நீலமாக இருக்கும். பாம்பன் வாய் வழியாக வடக்குக் கலங்கல் தெற்கு நீலத்துக்குள் நுழைகிற இடம் இருக்கிறதே, அதை ஒரு முறை மேலிருந்து பார்த்தவர் இலையைத் தேடமாட்டார்.

உப்பளம் ரோஸ் நிறத்தில் இருக்குமே, அது கிடைக்குமா?

மழைக்காலத்தில் கிடைக்காது. அந்த நிறம் உவர் முறுகும்போது அதில் பெருகும் நுண்ணுயிர்களால் வருவது. வாலிநோக்கம் பக்கம் ஐப்பசியில் பாத்திகள் மழைத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். அதற்குச் சித்திரை, வைகாசியில் வாருங்கள். முண்டு மிளகாய் காயப்போட்ட களங்கள் வேண்டுமென்றால் மாசி, பங்குனி.

எந்த வாரம் நல்லது?

தேதி சொல்ல முடியாது, நிலைமை சொல்லலாம். ஐப்பசி முற்பாதியில் உள்நாட்டுப் பக்கம் மாலையில் இடிமழை கட்டும். சின்ன விமானத்துக்கு அது ஆகாது. ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகை நடுவரை, இரண்டு மழைச் சுற்றுக்கு நடுவே வரும் இடைவெளிதான் தங்கம். மழை தூசியைக் கழுவிய மறுநாள் காற்று அவ்வளவு சுத்தமாக இருக்கும். இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோபுரமும் கூர்மையாகத் தெரியும். மழை விட்டு நாலைந்து நாள் ஆனால் மறுபடி மூட்டம். மார்கழியில் காலைப் பனி சேர்ந்துகொள்ளும்.

வங்கக் கடலில் தாழ்வழுத்தம் என்று வானிலை மையம் சொல்லிவிட்டால் திட்டத்தை மூட்டை கட்டிவிடுங்கள். தனுஷ்கோடி அழிந்தது 1964 டிசம்பர் 22 இரவில், இதே பருவம்தான்.

அனுமதி வேண்டுமா? வாடகை கொடுத்து ஏறி உட்கார்ந்து எடுத்துவிட முடியாதா?

முடியாது. இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

1937-ம் ஆண்டு விமான விதிகளின் 13-ம் விதிப்படி, பறக்கும் விமானத்திலிருந்து படம் எடுக்க சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின், அதாவது டி.ஜி.சி.ஏ.வின், எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வழக்கமான பயணிகள் விமானத்தில் இருக்கையில் உட்கார்ந்து எடுப்பதற்குத் தளர்வு உண்டு. தனி விமானம் பிடித்து, படம் எடுப்பதற்கென்றே பறப்பது வேறு கணக்கு. எந்தப் பகுதி, எந்த உயரம், என்ன கேமரா, யார் யார் ஏறுகிறார்கள், எதற்காக என்று எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். பாதுகாப்புத் தரப்பின் ஒப்புதலும் சேர்ந்துதான் வரும்.

நம் கரையில் இது இன்னும் இறுக்கம். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் ஐ.என்.எஸ். பருந்து இருக்கிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை. தனுஷ்கோடியைத் தாண்டினால் 1974-ல் வகுத்த இலங்கை எல்லைக்கோடு. தெற்கே 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. அங்கே வனத்துறையையும் கலந்துகொள்ள வேண்டும். இத்தனைக்கும் மேல், கிளம்புகிற அன்று விமானி வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் சக்கரம் நகராது.

விண்ணப்பத்தை நீங்கள் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் வழியாகப் போவதுதான் நடைமுறை. ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார், நீங்க வாங்க’ என்று வாய்வார்த்தையாகச் சொல்கிற இடத்தில் முன்பணம் கொடுக்காதீர்கள். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு, அதில் உங்கள் பெயரும் கேமராவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கீழக்கரைக்காரன், துபாயில் இருக்கிறேன் காக்கா. டிசம்பர் லீவில் வரும்போது அப்பா தீவு, வாழைத்தீவு மேலே பறந்து எடுத்துவிடலாமா?

லீவைப் போட்டுவிட்டு அனுமதி தேடினால் லீவு முடிந்துவிடும் தம்பி. பேப்பர் வேலையை இந்த வருடம் தொடங்கி, அடுத்த வருடத்துக்குத் திட்டமிடுங்கள். இந்த டிசம்பருக்கு, கீழே பயணிகள் விமானம் பற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள்.

எங்கிருந்து கிளம்ப வேண்டும்?

மதுரை அல்லது தூத்துக்குடி. இரண்டிலிருந்தும் பாம்பன் நேர்கோட்டில் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். 100 நாட், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டர், வேகத்தில் முக்கால் மணி நேரம். திரும்பி வர இன்னொரு முக்கால் மணி. ஆக, ஒரு மணி நேரம் படம் எடுக்க இரண்டரை மணி நேர வாடகை. விமானம் வேறு ஊரிலிருந்து வர வேண்டும் என்றால் அந்த வெறும் ஓட்டத்துக்கும் உங்கள் தலையில்தான் பில்.

கண்மாயும் வயலும் முக்கியம் என்றால் மதுரை. தீவுகள் முக்கியம் என்றால் தூத்துக்குடி. அங்கிருந்து கிளம்பினால் வழி நெடுகத் தீவுதான். மதுரைப் பாதையில் கமுதி பக்கம் கருநீலமாக ஒரு பெரிய பரப்பு மின்னும். ‘எவ்வளவு பெரிய கண்மாய்!’ என்று புதியவர்கள் கேமராவைத் தூக்குவார்கள். அது 648 மெகாவாட் சூரிய மின் நிலையம்.

எந்தப் பக்க ஜன்னல்? வெயில் எங்கே இருக்க வேண்டும்?

கேமராவை விட இது பத்து மடங்கு முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விமானி முன் இடது இருக்கையில். நீங்கள் முன் வலது, அல்லது விமானிக்குப் பின்னால். பெரும்பாலும் வலது ஜன்னல்தான் அமையும். இப்போது சூரியனைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அது தென்புறமாகச் சாய்ந்தே போகும். உச்சி வேளையில்கூட நம் கரையில் நேர் தலைக்கு மேல் வராது, தெற்கே ஏறக்குறைய 60 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆக, கரையின் மேல் பறந்துகொண்டு தெற்கே தீவைப் பார்த்து எடுத்தால் காலையிலிருந்து மதியம் வரை முகத்தில் வெயில். கடல் முழுக்க வெள்ளித் தகடாகப் பளபளக்கும். பவளப்பாரும் தெரியாது, கடல்தாழையும் தெரியாது.

தீர்வு எளிது: தீவுக்குத் தெற்கே போய், மேற்கு நோக்கிப் பறக்கச் சொல்லுங்கள். வலது ஜன்னல் வடக்கைப் பார்க்கும், வெயில் முதுகில். தீவின் வெண்மணல், அதைச் சுற்றி வெளிர்பச்சைத் தண்ணீர், பார் இருக்கும் இடம் பழுப்பு, அதற்கு அப்பால் கரையும் பனைகளும், எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் வரும். தண்ணீருக்கு அடியில் இருப்பது தெரிய வேண்டுமென்றால் சூரியன் 30 முதல் 50 டிகிரி உயரத்தில் இருப்பது நல்லது. நவம்பரில் காலை எட்டரையிலிருந்து பத்து வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தீவுக்குத் தெற்கே போவது என்றால் கடலுக்குள் தள்ளிப் போவது. ஒற்றை எஞ்சின் நின்றுபோனால் செஸ்னா 172 தன் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு தூரம் மிதந்து வரும். 2,000 அடியில் இருந்தால் அது ஐந்தரை கிலோமீட்டர், காற்று எதிரே இருந்தால் இன்னும் குறைவு. வாடை எதிர்க்காற்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் கரை வடக்கே இருக்கிறது. அதனால் தள்ளி இருக்கும் தீவுகளுக்கு 3,500, 4,000 அடிக்கு ஏறச் சொல்லுங்கள். மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டே உட்காருங்கள், ஆனால் விமானத்துக்குள் ஊதிவிடாதீர்கள். தண்ணீர் புகுந்தால் அது உங்களைக் கூரையோடு ஒட்டி வைத்துவிடும்.

மாலையில் கணக்கு கொஞ்சம் மாறும். மூன்றரை, நாலு மணிக்குச் சூரியன் தென்மேற்கில் இருப்பதால் தூத்துக்குடியிலிருந்து வடகிழக்காக வரும்போது வலது ஜன்னலில் தீவுகள் பக்கவாட்டு வெளிச்சத்தில் கிடைக்கும். மோசமில்லை. நிறம் குறையும், ஆனால் மணல் மேட்டின் வளைவு நிழலோடு விழும்.

பாம்பன் பாலத்தை எப்படி எடுப்பது?

பாலம் ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. மேலே சொன்ன விதியேதான்: தென்பக்கம், மேற்கு நோக்கி, வலது ஜன்னல். இந்தப் பருவத்தில் எந்த நேரத்திலும் இது பொய்க்காது. வடக்கிலிருந்து எடுத்தால் கறுப்பு நிழலுருதான்.

நேர் மேலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 24 மி.மீ. லென்ஸில்கூட 600 மீட்டர் உயரத்தில் 900 மீட்டர் அகலம்தான் அடங்கும். சாய்வாக எடுத்தால் 1988-ல் திறந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம், இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் போவது தெரியும். புதிய பாலத்தின் செங்குத்துத் தூக்கு, 72.5 மீட்டர் நீளத் துண்டு, கப்பல் வந்தால்தான் உயரும். அதைப் பிடிக்க ஆசைப்பட்டு வட்டமடித்துக் காத்திருப்பது பெட்ரோலுக்குக் கேடு.

பாலத்தை விட எனக்குப் பிடித்தது ராமேஸ்வரம் துறைமுகம். விசைப்படகும் நாட்டுப்படகும் முறை வைத்துத்தான் தொழிலுக்குப் போகும். விசைப்படகு போகாத நாளில் நூற்றுக்கணக்கில் வரிசைகட்டி நிற்கும். எல்லா மூக்கும் காற்றைப் பார்த்து ஒரே திசையில். எந்த நாள் ஓய்வு என்று முன்தினம் துறைமுகத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

தனுஷ்கோடி?

மாலையில். கோதண்டராமர் கோவிலுக்குப் பக்கத்து நீர்ப்பரப்பின் மேல் இருந்துகொண்டு தென்கிழக்கே பார்த்து எடுங்கள். 2017-ல் திறந்த சாலை நேர்கோடாக ஓடி அரிச்சல்முனையில் ஒரு வட்டமாக முடியும். இடது பக்கம் கலங்கிய கடல், வலது பக்கம் நீலக் கடல். மணல் முனையின் வடிவம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் போன வருடப் படத்தை வைத்து இந்த வருடம் சட்டகம் போடாதீர்கள். முனையைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்து எடுக்கலாமே என்று கேட்காதவர் இல்லை. எல்லைக்கோடு அருகில் இருக்கிறது, வட்டமடிக்க இடம் போதாது, விமானியும் சம்மதிக்கமாட்டார்.

எவ்வளவு தாழப் பறக்கலாம்?

ஊருக்கு மேல் என்றால் சுற்றியுள்ள மிக உயரமான பொருளிலிருந்து 1,000 அடி; ஆளில்லாத இடத்தில் 500 அடி. இது சட்டத்தின் கீழ்வரம்பு. அனுமதிக் கடிதத்தில் வேறு உயரம் இருந்தால் அதுதான் சட்டம்.

என் கருத்தில் 1,500 அடிக்குக் கீழே போவதற்கு இந்தக் கரையில் காரணமே இல்லை. கண்மாயின் வடிவம் உயரத்தில்தான் தெரியும். அதோடு பறவைகள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை ஆகிய நான்கு கண்மாய்களும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருப்பவை. மேலச்செல்வனூர், கீழச்செல்வனூரும் சரணாலயம்தான். ஐப்பசி தொடங்கிக் கருவேல மரங்களில் கூடு கட்டும் காலம். தாழ ஒரு விமானம் போனால் மொத்தக் கூட்டமும் எழும்பும், முட்டையும் குஞ்சும் காக்கைக்குப் போகும். உங்களுக்கும் ஆபத்து: மூன்று கிலோ செங்கால் நாரை கண்ணாடியில் மோதினால் படம் எடுக்க ஆள் இருக்கமாட்டார். பத்து மணிக்கு மேல் சூடான காற்றில் நாரைகள் வட்டமடித்து உயரே ஏறும். சரணாலயத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

கேமராவில் என்ன வைக்க வேண்டும்?

ஷட்டர் 1/1000 அல்லது அதற்கு மேல். அப்பெர்ச்சர் எஃப்/5.6 முதல் எஃப்/8. ஐ.எஸ்.ஓ.வைத் தாராளமாக 400, 800 என்று விடுங்கள். ஐ.எஸ்.ஓ. கூடிப் புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், நடுங்கிய படத்தை முடியாது.

1/1000 எப்படிப் போதும் என்று கேட்பவர்களுக்கு: 80 நாட் வேகத்தில் விமானம் ஒரு வினாடிக்கு 41 மீட்டர் போகிறது. 1/1000 வினாடியில் நான்கு சென்டிமீட்டர். 600 மீட்டர் உயரத்தில் 50 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டக 24 மெகாபிக்சல் கேமரா என்றால் ஒரு பிக்சலே ஏழு சென்டிமீட்டர் தரையை மூடுகிறது. அதனால் நகர்வு தெரியாது. அதே இடத்தில் 200 மி.மீ. போட்டால் ஒரு பிக்சல் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. அப்போது 1/2500 வேண்டும்.

உண்மையான எதிரி எஞ்சின் அதிர்வு. முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றினால் அந்த அதிர்வு நேராக லென்ஸுக்கு வரும். முதுகைக்கூட இருக்கையிலிருந்து கொஞ்சம் விலக்கி, கையையும் உடம்பையும் ஸ்ப்ரிங்காக விட்டு எடுங்கள். ஃபோகஸைத் தூரத்தில் ஒரு முறை சரிபார்த்துவிட்டு மேனுவலில் போட்டு, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸ் ஹூட் வேண்டாம். காற்று பிடுங்கிக்கொண்டு போய் வாலில் அடிக்கும். தோளிலிருந்து தொங்கும் வார், சட்டைப்பையில் பேனா, தொப்பி, எதுவும் கூடாது. லென்ஸ் மாற்றும் எண்ணமே வேண்டாம். இரண்டு கேமரா பாடி இருந்தால் இரண்டு லென்ஸ், ஒன்று இருந்தால் 24–70 மி.மீ. லென்ஸ்.

போலரைசர் போடலாமா?

ஜன்னல் திறந்திருந்தால் போடலாம். தண்ணீரின் பளபளப்பைத் தின்றுவிட்டுப் பவளப்பாரைக் காட்டும். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போகும், அவ்வளவுதான். மூடிய ஜன்னல் வழியாகப் போட்டால் பிளாஸ்டிக்கில் வானவில் பட்டை பட்டையாக விழும். விமானம் திரும்பும்போதெல்லாம் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஜன்னலைத் திறக்க முடியுமா?

செஸ்னா 172-ல் இடது ஜன்னல் திறக்கும். வலது ஜன்னல் சில விமானங்களில் திறக்கும், சிலவற்றில் நிரந்தரமாக மூடியது. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். திறக்கும் ஜன்னலுக்கும் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அதன் திருகைக் கழற்றினால் ஜன்னல் முழுதாக மேலே போய், காற்றின் அழுத்தத்திலேயே இறக்கைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கழற்ற வேண்டியது உரிமம் உள்ள பொறியாளர், நீங்கள் அல்ல. கேமராவை ஜன்னல் கோட்டுக்கு உள்ளேயே வைத்து எடுங்கள். ஒரு விரல் வெளியே நீட்டினாலும் காற்று உதறும்.

விமானியிடம் என்ன பேச வேண்டும்?

தரையிலேயே உட்கார்ந்து, வரைபடத்தில் கோடு போட்டு, எந்த இடத்தில் எந்தப் பக்கம் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே போனதும் சின்னச் சின்ன வார்த்தை போதும்: ‘வலது இறக்கை கொஞ்சம் தாழ்த்துங்க’, ‘போதும்’, ‘இன்னொரு சுற்று’.

சொல்லக் கூடாதது ஒன்று உண்டு: ‘இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் மெதுவா’. தாழ்வாக, மெதுவாக, ஒரே பொருளைச் சுற்றிச் சாய்ந்து திரும்புவதுதான் இந்த வேலையில் ஆளைக் கொல்வது. 45 டிகிரி சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும்போது இறக்கை தாங்கும் குறைந்தபட்ச வேகம் ஏறக்குறைய 19 சதவீதம் கூடிவிடும், 60 டிகிரியில் 41 சதவீதம். விமானியும் கீழே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தால் அதைக் கவனிக்க ஆள் இல்லை. அவர் முடியாது என்றால் முடியாது, பேரம் பேசாதீர்கள். முடிந்தால் மூன்றாவதாக ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து, பறவையும் வேறு விமானமும் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வாந்தி வருமா?

வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு சுற்றினால் வரும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை கேமராவை இறக்கித் தொடுவானத்தைப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லி சாப்பிடுங்கள். வெறும் வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது. மாத்திரை போடுவதானால் மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்பே. சில மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும்.

டொரண்டோவில் இருக்கிறேன் அண்ணா. அங்கே இலை நிறம் மாறும்போது எடுக்க இதே முறை பொருந்துமா?

கேமரா விஷயம் அப்படியே பொருந்தும். வெளிச்சக் கணக்குதான் வேறு. அல்கான்குவின் பூங்காவில் சர்க்கரை மேப்பிள் உச்சத்துக்கு வருவது செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். பாப்லர் மஞ்சள் அதற்குப் பின்னால் வரும். பச்சையம் சிதையும்போது முன்பே இலையில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேரும்போது புதிதாக உண்டாவது. அதனால் தெளிந்த பகலும் குளிர்ந்த இரவும் ஒரு வாரம் தொடர்ந்தால் உடனே விமானத்தைப் பிடியுங்கள்.

இங்கே வெயிலுக்கு முதுகைக் காட்டச் சொன்னேன். இலைக்கு அது கட்டாயமில்லை. தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் வந்தால் ஒவ்வொரு மரமும் தனித்தனியாக எழுந்து நிற்கும். இலையின் மேல் ஈரப் பளபளப்பைப் போலரைசர் நன்றாக எடுத்துவிடும். ஏரிகளை மட்டும் நம் கண்மாயைப் போலவே நடத்துங்கள். ஜன்னலைத் திறந்தால் விரல் மரத்துப்போகும், மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள் தம்பி.

தனி விமானத்துக்கு வசதியில்லை. பயணிகள் விமானத்தில் ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். மதுரையிலிருந்து கொழும்பு போகும் விமானத்தில் இடது ஜன்னல் கேளுங்கள். நேர்ப்பாதையில் போனால் ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கமாகக் கரையைக் கடக்கும். கீழக்கரைத் தீவுகளும், வானம் தெளிந்திருந்தால் தொலைவில் ராமேஸ்வரம் தீவும் இடது பக்கம் வரும். பாதை அன்றன்றைக்கு மாறக்கூடும். சென்னை – தூத்துக்குடி ஏ.டி.ஆர். என்கிற ப்ரொபெல்லர் விமானத்துக்கு இறக்கை மேலே இருப்பதால் கண்மாய்களை நன்றாகப் பார்க்கலாம். இறக்கைக்குப் பின்வரிசை, சக்கரக் கூடும் எஞ்சினும் மறைக்காத இருக்கை. லென்ஸைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய், தொடாமல் பிடித்து, கறுப்புத் துணியால் மறைத்தால் பிரதிபலிப்பு போகும். ஊழியர் எடுக்காதீர்கள் என்றால் எடுக்காதீர்கள்.

ட்ரோன் விட்டால் இத்தனை தொல்லை இல்லையே?

தொல்லை இடம் மாறும், அவ்வளவுதான். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்பரப்பைப் பிரித்து டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள். நீங்கள் நிற்கும் இடம் என்ன நிறம் என்று அன்றைக்குப் பார்க்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். தளமும் எல்லையும் தேசியப் பூங்காவும் உள்ள கரை இது. எப்படியும், பச்சைப் பகுதியில்கூட அனுமதியில்லாமல் 120 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாத ட்ரோனில் கண்மாய்ச் சங்கிலி அடங்காது.

மொபைல் போதுமா?

அகலமான காட்சிக்குப் போதும், வெயில் நன்றாக இருந்தால். ப்ரொபெல்லர் சட்டகத்துக்குள் வந்தால் வாழைப்பழம் மாதிரி வளைந்து விழும், அதை ஒதுக்கி எடுங்கள். கையிலிருந்து நழுவாமல் மணிக்கட்டோடு கட்டிக்கொள்ளுங்கள்.

எடுத்த படங்களை உடனே போடலாமா?

அனுமதிக் கடிதத்தில் படங்களைப் பாதுகாப்புத் தரப்பு பார்த்துத் தர வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், அது முடியும் வரை ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. இறங்கிய மகிழ்ச்சியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வெளியிடுவதுதான். ஓடுதளம், ராடார், கடலோரக் காவல்படைப் படகுத்துறை ஓரத்தில் விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். பறவைக் கூடுகள் தெரியும் படமென்றால் இடக்குறியீட்டை நீக்கிவிட்டுப் போடுங்கள்.